தேய்ந்துபோன செயின்சோ எஞ்சின்: பிஸ்டன் வாங்குவதற்கு முன்

திருகோணமலை மாவட்டத்தில் செயின்சோ என்பது மரம் அரிவதைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் மட்டும் இருக்கும் கருவி அன்று. நிலாவெளிப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருப்பவரிடமும், தம்பலகாமத்தில் வயலோரப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்குபவரிடமும், முற்றத்து வேம்பின் கிளை கூரையில் சாய்ந்தால் ஆள் தேடி அலைய விரும்பாதவரிடமும் ஒன்று கிடக்கும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது போன்ற நாட்களில்தான் அது பலருடைய நினைவுக்கு வரும். எவ்வளவு இழுத்தாலும் தொடங்க மறுப்பதும் அப்போதுதான். கடைக்குக் கொண்டுபோனால், “எஞ்சின் தேய்ஞ்சு போச்சு, பிஸ்டன் செட் போடவேணும்” என்று சொல்வார்கள்.

அந்தப் பதில் பல வேளைகளில் சரியானதே, ஆனால் அது பாதிப் பதில். வீட்டுப் பாவனையில் உள்ள செயின்சோவின் எஞ்சின் வயது முதிர்ந்து தேய்வது அரிது. காற்று ஒழுக்கு, ஒயில் குறைவு, தூசி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றுதான் அதைத் தேய்க்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதிய பிஸ்டனைப் போட்டால், பழையதைக் கெடுத்த அதே குறை புதியதையும் கெடுத்துவிடும். எனவே ஸ்பனரைக் கையில் எடுப்பதற்கு முன், இந்தச் சிறிய எஞ்சினில் ‘தேய்மானம்’ என்றால் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

இரண்டு அறைகள்

செயின்சோவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் பிஸ்டனுக்கு மேலே ஓர் அறையும் கீழே ஓர் அறையும் இருப்பதாகக் கருதிக்கொள்ளுங்கள். மேலறை என்பது சிலிண்டரின் உச்சியில் பிளக் இருக்கும் இடம். கீழறை என்பது, பிஸ்டனின் மேல் கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் அச்சான கிராங்க் சுழலும் பெட்டி. மோட்டார் சைக்கிள்களில் இன்று பெரும்பாலும் காணப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கீழ்ப்பகுதி ஒயில் தங்கும் இடம் மட்டுமே. செயின்சோவில் அப்படி அன்று, கீழறையும் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழறையில் வெற்றிடம் உண்டாகி, காபரேற்றர் வழியாகக் காற்றும் பெற்றோலும் அதில் கலந்த ஒயிலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அதே நேரத்தில் மேலறையில் முன்பே வந்து சேர்ந்த கலவை நசுக்கப்படுகிறது. உச்சியை அடையச் சற்று முன்பு பிளக் பொறி தருகிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ள, முதலில் புகை வாய் திறந்து புகை வெளியேறுகிறது. அடுத்து பக்க வாய்கள் திறந்து, கீழறையில் அழுத்தப்பட்டிருந்த புதிய கலவை மேலறைக்குப் பாய்கிறது. வால்வுகள் இல்லை, வாய்களைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் பக்கச்சுவர்தான்.

முழு வேகத்தில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளுக்கு மேல் போகும். அதாவது ஒரு செக்கனில் 200 தடவை இந்தச் செயல் முழுவதும் நடந்து முடிகிறது. கிராங்கின் பெயாரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஒரே உயவு, பெற்றோலோடு கலந்து வரும் அந்தச் சிறிதளவு ஒயில் மட்டுமே. இதிலிருந்து வரும் முடிவை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: எஞ்சினுக்குள் பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை கூடுதல் சூட்டோடு எரியும். அந்தச் சூட்டைத் தாங்குவதற்கு வேண்டிய ஒயிலும் அப்போது இருப்பதில்லை. ஆகவே கீழறையில் எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி வழியாகக் காற்று புகுந்தாலே போதும், மேலறையின் சுவரில் பிஸ்டன் உரசிக் கீறத் தொடங்கிவிடும்.

காபரேற்றருக்குள் பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் மெல்லிய சவ்வும் கீழறையின் அழுத்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே இயங்குகிறது. கீழறை ஒழுகினால் அந்தச் சவ்வின் துடிப்பும் தளர்கிறது. ஒரு குறை இரண்டு வழிகளில் எஞ்சினைப் பட்டினி போடுகிறது.

இனி ‘தேய்ந்த எஞ்சின்’ என்பதற்குப் பொருள் சொல்வது எளிது. இரண்டு அறைகளில் ஒன்றோ இரண்டுமோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாத நிலையே அது. மேலறை ஒழுகினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், பிஸ்டன், சிலிண்டர் ஆகியவற்றில் குறை. கீழறை ஒழுகினால் கிராங்கின் இருபுறமும் உள்ள ஒயில் சீல்கள், காபரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய், சிலிண்டர் அடிக் கேஸ்கட், சவ்வுக்குப் போகும் சிறு குழாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் குறை. மேலறையின் குறை பெரும்பாலும் விளைவு, கீழறையின் குறை பெரும்பாலும் காரணம்.

கழற்றாமலே அறிவது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கிச் சூடேறியதும் அணைந்து, மீண்டும் குளிரும்வரை தொடங்க மறுப்பது தேய்மானத்தின் பழகிய அடையாளம். ஆனால் மின்பொறி தரும் கொயில் கெட்டாலும் இதே போலத்தான் நடக்கும் என்பதால், சூடாக அணைந்த அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றி, எரிபொருளுக்கு எட்டத்தில் வைத்து, பொறி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பொறி நன்றாக வந்தால் சந்தேகம் அழுத்தத்தின் பக்கம் திரும்பும்.

கயிற்றின் பிடியில் இயந்திரத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் முறை. நல்ல எஞ்சின் ஒவ்வொரு அழுத்தத்திலும் தயங்கித் தயங்கி இறங்கும். தேய்ந்தது தயக்கமில்லாமல் சரசரவென்று இறங்கிவிடும். இது பருமட்டான சோதனை மட்டுமே. அழுத்தமானியைப் பிளக் துவாரத்தில் பூட்டி, சோக்கை விலக்கி, அக்சிலேற்றரை முழுவதும் அழுத்திப் பிடித்து, முள் ஏறாமல் நிற்கும்வரை ஆறேழு தடவை இழுத்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. 150 பி.எஸ்.ஐ. அளவில் காட்டினால் எஞ்சின் நலமாக இருக்கிறது. 120 இற்குக் கீழே போனால் வலு குறைந்திருக்கும். 100 இற்குக் கீழே தொடங்குவதே கடினம். அழுத்தக் குறைப்புப் பொத்தான் உள்ள இயந்திரமானால், அது மூடியிருப்பதை உறுதிசெய்த பின்னரே இழுக்க வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வாகனங்களுக்கென விற்கப்படும் அழுத்தமானிகள் சிலவற்றில் நீண்ட குழாய் இருக்கும். காற்றைத் திரும்பவிடாத சிறு வால்வு அந்தக் குழாயின் மறுமுனையில், மானிக்கு அருகே இருக்கும். செயின்சோவின் மேலறை மிகச் சிறியது என்பதால், அந்தக் குழாயின் உள்வெளியும் அறையின் பருமனோடு சேர்ந்து, நல்ல எஞ்சினிலும் குறைந்த அளவைக் காட்டிவிடும். வால்வு பிளக் துவாரத்தில் பூட்டும் முனையிலேயே உள்ள மானியைத்தான் பயன்படுத்த வேண்டும். அளவு குறைவாக வந்தால், பிளக் துவாரத்தினுள் சில துளி ஒயில் விட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். முள் தெளிவாக உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அடுத்த சோதனைக்குப் பணமே தேவையில்லை. என் கருத்தில் எல்லாவற்றிலும் மேலான சோதனை அதுவே. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி அதை அகற்றினால், புகை வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கம் நேராகத் தெரியும். கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, கைவிளக்கின் ஒளியில் பாருங்கள். பக்கம் வழுவழுப்பாக, தயாரிப்பின்போது இடப்பட்ட மெல்லிய கிடைக்கோடுகள் இன்னும் தெரியுமாறு இருந்தால் நல்லது. புகை வாய்ப் பக்கம் மட்டும் நெடுக்காகக் கீறியிருந்தால், காற்று மிகுந்த கலவையாலும் சூட்டாலும் வந்த சேதம் என்று கொள்ளலாம். அது காற்று ஒழுக்கையோ தவறாகத் திருகிய காபரேற்றரையோ காட்டுகிறது. சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறியிருந்தால், யாரோ ஒயில் கலக்காத பெற்றோலை ஊற்றியிருக்கிறார்கள். காபரேற்றர் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கக் காபரேற்றரையும் கழற்ற வேண்டும். நம் பகுதியில் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிழிந்த காற்று வடிகட்டியோடு பாலையும் முதிரையும் அரிந்த இயந்திரங்களில் இந்த மூன்றாவது வகைச் சேதத்தை எதிர்பார்க்கலாம். முதிரை போன்ற வைரமான மரம் செயினின் கூரையும் விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய செயின் துருவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூளைத் தள்ளும், அரிபவர் அழுத்திப் பிடிப்பார், எஞ்சின் மேலும் சூடாகும்.

ஒழுக்கைத் தேடுதல்

மேலறை கெட்டிருப்பது உறுதியானதும் உடனே சிலிண்டரைக் கழற்றிவிடக் கூடாது. கழற்றுவதற்கு முன்புதான் கீழறையைச் சோதிக்க முடியும். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டை சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் இடையே வைத்து இறுக்கிப் புகை வாயை அடையுங்கள். காபரேற்றரைக் கழற்றிவிட்டு உள்ளிழுப்பு வாயையும், சவ்வுக்குப் போகும் சிறு துவாரத்தையும் அவ்வாறே அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் பக்க வாய்கள் திறந்து இரண்டு அறைகளும் ஒன்றாகிவிடும். பிளக் துவாரத்தின் வழியாகக் கைப்பம்பால் காற்று செலுத்தலாம். 0.5 பார், அதாவது ஏறத்தாழ 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால் நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளிவிட வாய்ப்புண்டு. வீட்டில் பழைய இரத்த அழுத்தமானி கிடந்தால் அதன் ரப்பர்க் குமிழும் மானியும் இதற்கு உதவும்; அதில் 300 என்ற அளவு ஏறத்தாழ 0.4 பார் ஆகும்.

முள் அரை நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால், சவர்க்காரத் தண்ணீரை இணைப்புகளில் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்கலாம். ஆனால் அழுத்தச் சோதனையில் தேறிய எஞ்சின் வெற்றிடச் சோதனையில் தோற்பதுண்டு. ஒயில் சீலின் உதடு உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தால் அச்சோடு இறுக ஒட்டிக்கொள்ளும், உள்ளே வெற்றிடம் உண்டாகும்போதோ விலகிக் காற்றை விடும். ஆகவே பிரேக் ஒயிலை இழுப்பதற்கு கராஜ்களில் வைத்திருக்கும் வெற்றிடப் பம்பை இரவல் வாங்கியாவது இரண்டாவது சோதனையையும், கிராங்கை மெதுவாகச் சுழற்றியபடியே செய்துவிடுவது நல்லது. சீல்கள் விலை குறைந்தவை. கொக்கி போன்ற கருவியால் பழையதை அச்சில் கீறல் படாமல் நெம்பி எடுத்து, அதே விட்டமுள்ள பொக்ஸ் சாவியை வைத்துப் புதியதை நேராகத் தட்டிப் பொருத்தலாம்.

திறந்து பார்த்தல்

வேலை தொடங்குமுன், செயின் ஓடும் நீண்ட தகடான பாரையும் செயினையும் அகற்றி, தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்து, அடுப்பும் சிகரெட்டும் அண்டாத திறந்த இடத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பது, பின்னால் எந்தத் திருகாணி எங்கே என்று தடுமாறாமல் காக்கும். சீல்களை அணுகக் கிளச்சையும் மக்னெட் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். அப்போது கிராங்க் சுழலாதிருக்க, பிளக் துவாரத்தின் வழியே முடிச்சிட்ட மென்கயிற்றை உள்ளே விட்டுப் பிஸ்டனை நிறுத்தலாம். புகை வாயைப் பிஸ்டன் முற்றாக மூடிய பின்னரே கயிற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு வாயில் சிக்கி நறுக்கப்படும். கிளச் பெரும்பாலான செயின்சோக்களில் இடப்புரி கொண்டது. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்ப்பக்கம் வலுவாகத் திருப்பியவர்கள் கிராங்கின் புரியையே கெடுத்திருக்கிறார்கள்.

சிலிண்டரை மேலே இழுத்து எடுத்ததும், கிராங்க் பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். பிஸ்டன் ஊசியைத் தாங்கும் சிறு வளையம் தெறித்து அதற்குள் விழுந்தால் பெட்டியையே பிரிக்க நேரிடும். பின்னர் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொனெக்டிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேல் கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் கிராங்கின் பெயாரிங் போய்விட்டது. பெட்டியைப் பிரித்து, பிரஸ் கருவி கொண்டு கிராங்கை மாற்றும் வேலை வீட்டு முற்றத்துக்கு உரியதன்று. மலிவான சீன இயந்திரமாக இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மற்றப் பாகங்களை உதிரியாக வைத்துக்கொள்வதே இலாபம் என்பேன்.

சிலிண்டர் கெட்டது போலத் தோன்றினாலும் உடனே எறிந்துவிட வேண்டாம். செயின்சோ சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. உட்சுவரில் குரோமோ நிக்கல் சிலிக்கன் கார்பைட் கலவையோ மிக மெல்லிய, மிகக் கடினமான பூச்சாக ஏற்றப்பட்டிருக்கும். பிஸ்டனோ மென்மையானது. உரசும்போது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியமே இளகிச் சுவரில் அப்பிக்கொள்கிறது. நாம் கீறல் என்று நினைப்பது பல வேளைகளில் அந்த அப்பல்தான். நிக்கல் பூச்சுள்ள சிலிண்டரானால், பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நனைத்து, அப்பிய இடத்தில் மட்டும் ஒற்றினால், அலுமினியம் நுரைத்துக் கரையும். நுரை நின்றதும் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகக் கழுவி உலர்த்தி ஒயில் தடவ வேண்டும். வாய்களின் உட்புறமும் சிலிண்டரின் வெளிப்புறமும் பூச்சற்ற அலுமினியம் என்பதால் அமிலம் அங்கே படக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், அல்லது மூடிய அறைக்குள் இருந்து இதைச் செய்யவே கூடாது. அமிலத்தை விரும்பாதவர் நுண்ணிய எமரித் தாளால் பொறுமையாகத் தேய்த்தும் அப்பலை எடுக்கலாம்.

அதன் பின் நகத்தைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காவிட்டால் சிலிண்டரைத் திரும்பப் பயன்படுத்தலாம். பூச்சு உரிந்து வேறு நிறத்தில் அலுமினியம் தெரிந்தால், அல்லது வாயின் விளிம்பில் பெயர்ந்திருந்தால், புதிய சிலிண்டர்தான் வழி. இரும்புச் சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் உட்சுவரைக் கடைந்து போர் பண்ணுவது போல இதைச் செய்ய முடியாது. செய்தால் பூச்சு போய்விடும்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளிச் சமமாக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை, வெவ்வேறு தடிப்புள்ள மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளந்தால் தேய்மானம் எண்ணாகவே தெரியும். புதிய ரிங்கில் அது மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்குதான். 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும்.

பூட்டுதல்

புதிய பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும்; அது புகை வாயை நோக்க வேண்டும். ரிங்கின் முனைகள் பள்ளத்திலுள்ள சிறு ஆணியின் இருபுறமும் சரியாக அமர வேண்டும். மாறினால் முனை வாயில் சிக்கி உடைந்து, முதல் நிமிடத்திலேயே எல்லாம் வீணாகும். ஊசியின் இரு பக்கமும் புதிய வளையங்களையே இடுங்கள். அவற்றின் திறந்த பக்கம் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். மலிவான சிலிண்டர் செட் வாங்கியிருந்தால் வாய்களின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் சற்று மழுக்கி, தூளை முற்றாகக் கழுவிய பின்பே பூட்ட வேண்டும். பிஸ்டனிலும் சுவரிலும் டூ ஸ்ட்ரோக் ஒயிலைத் தடவி, ரிங்கை விரலால் அமுக்கியபடி சிலிண்டரை இறக்கி, நான்கு போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு மேலே சொன்ன இரண்டு ஒழுக்குச் சோதனைகளையும் இன்னொரு முறை செய்யாமல் பெற்றோல் ஊற்றக் கூடாது.

ஒயில் விடயத்தில் கரையோரத்தில் வாழும் நமக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று மீன்பிடி நடக்கும் ஊர்களில் படகு எஞ்சினுக்கான ஒயில் எளிதில் கைக்கு எட்டும். அதுவும் டூ ஸ்ட்ரோக் ஒயில்தானே என்று செயின்சோவில் ஊற்றிவிடுகிறார்கள். டி.சி.டபிள்யூ.3 என்று போத்தலில் குறித்திருக்கும் அந்த ஒயில், கடல்நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. செயின்சோவைக் குளிர்விப்பது காற்று மட்டுமே. அதன் சூடு மிக அதிகம். ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று குறிக்கப்பட்ட ஒயிலே அதற்கு ஏற்றது. அளவைப் பொறுத்தவரை, ஸ்டில், ஹஸ்க்வார்னா போன்ற நிறுவனங்கள் தங்கள் ஒயிலுக்குச் சொல்லும் 50 இற்கு 1 என்ற விகிதத்தில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் வரும். 25 இற்கு 1 என்று கையேடு கேட்கும் மலிவான இயந்திரங்களுக்கு 40 மில்லிலீற்றர் வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலையும், 2022 தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கத்தில் மாதக்கணக்காகப் போத்தலில் அடைத்து வைத்த பெற்றோலையும் புது எஞ்சினுக்குக் காட்டவே வேண்டாம்.

காபரேற்றரில் ‘எல்’ என்று குறித்த திருகாணி மெதுவான ஓட்டத்துக்கும், ‘எச்’ என்று குறித்தது முழு வேகத்துக்கும் பெற்றோலை அளந்து விடுகின்றன. இரண்டையும் மென்மையாக முழுவதும் மூடி, ஏறத்தாழ ஒரு சுற்றுத் திறந்து தொடங்கலாம். பாரையும் செயினையும் கிளச் மூடியையும் திரும்பப் பூட்டி எஞ்சினைச் சூடாக்கிய பின், ‘எச்’ திருகாணியை, சுமையில்லாத முழு வேகத்தில் ஓசை சற்றுத் தடுமாறிக் கரகரக்கும் அளவுக்குத் திறந்து வையுங்கள். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு நீங்கித் தெளிவாக ஒலித்தால் அளவு சரி. சுமையில்லாமலே கீச்சென்று தெளிவாகக் கூவினால் பெற்றோல் போதவில்லை என்று பொருள், உடனே அணைத்துவிட்டு இன்னும் சற்றுத் திறக்க வேண்டும். மெதுவான ஓட்டத்தில் செயின் நகரக் கூடாது.

முதல் சில தாங்கி எரிபொருள் முடியும்வரை மென்மரங்களையே, கூரான செயினோடு அரியுங்கள். சுமையின்றி நெடுநேரம் முழு வேகத்தில் ஓடவிட வேண்டாம். அதன் பின் சிலிண்டர் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார்த்து, சைலன்சரை மீண்டும் ஒரு முறை கழற்றிப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். புகை வாய்ப் பக்கத்தில் நெடுக்கான கீறல் தொடங்கியிருந்தால் ஒழுக்கு ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைக் கண்டு அடைக்கும்வரை அந்த இயந்திரத்தைத் தொடங்கக் கூடாது.